இயக்குமுன் எழுதிவையுங்கள்: முதன்முதலாக நிரல் எழுதப்போகும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரியிலோ கலை அறிவியல் கல்லூரியிலோ முதலாம் ஆண்டில் சேர்ந்து, இன்னும் சில நாட்களில் கணினி ஆய்வகத்துக்குள் நுழையப்போகும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் சிலர் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் பாடமாகப் படித்திருப்பீர்கள். வேறு பலர் உயிரியலோ வணிகவியலோ படித்துவிட்டு, நிரல் (கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொடர்) என்றால் என்னவென்றே அறியாமல் வந்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், தனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று இந்த இரண்டாம் கூட்டத்தார் முதல் வாரத்திலேயே மனம் ஒடிந்துபோவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை. இரண்டு கூட்டத்தாருக்கும் முதல் நாளிலிருந்து தேவைப்படுகிற ஒரு பழக்கம் இருக்கிறது. பள்ளியில் கணினி அறிவியல் படித்தவர்களில் பெரும்பாலோரும் அந்தப் பழக்கம் இல்லாமலேதான் வருகிறார்கள்.

நான் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். 1990-களின் இறுதியில் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கணினியை முதன்முதலில் தொட்டேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிரல் எழுதுவதே என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் முதலாம் ஆண்டு மாணவர் சிலரோடு உட்கார்ந்து அவர்களுடைய பாடங்களைப் பார்க்கிறேன். அந்த மேசையில் திரும்பத் திரும்பக் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்த பழக்கம் இதுதான். ஒரு நிரலை இயக்குவதற்கு முன்னால், திரையில் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு இயக்குங்கள். நீங்கள் எழுதியதும் திரையில் வந்ததும் ஒன்றாக இருந்தால் அடுத்த நிரலுக்குப் போங்கள். வேறாக இருந்தால், ஏன் வேறாயிற்று என்று புரியும்வரை அங்கேயே நில்லுங்கள். மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதாது, எழுதத்தான் வேண்டும். விடை வந்த பிறகு, "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனம் எளிதாக நம்மை ஏமாற்றிவிடும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு நான்கே வரிகள் கொண்ட ஒரு நிரலைக் காட்டுகிறேன். பைத்தானின் மூன்றாம் பதிப்பு, மாறிகளின் (மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களின்) பெயர்களைத் தமிழ் எழுத்திலும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், இதை அப்படியே தட்டச்சு செய்து பார்க்கலாம்.

அ = 5
ஆ = 7
அ = ஆ
ஆ = அ

இந்த நான்கு வரிகளும் முடிந்த பிறகு அ-வில் என்ன இருக்கும், ஆ-வில் என்ன இருக்கும்? எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேராவது, அ-வில் 7, ஆ-வில் 5 என்று எழுதுகிறார்கள். உண்மையில் இரண்டிலும் 7 தான் இருக்கும். மூன்றாம் வரி நிறைவேறிய அந்த நொடியிலேயே 5 என்ற மதிப்பு அழிந்துவிட்டது. நான்காம் வரி தேடிப்போகும்போது அது எங்கும் இல்லை. தவறாக எழுதியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பத்து ஆண்டுகளாகக் கணக்குப் பாடத்தில், சமக்குறிக்கு இருபுறமும் உள்ளவை எப்போதும் சமம் என்றும், எழுதிய வரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உண்மை என்றும் படித்து வந்தவர்கள். நிரலில் அந்தக் குறி, வலப்புறம் உள்ளதைக் கணக்கிட்டு இடப்புறத்துப் பெயரில் வை என்கிற கட்டளை. வரிகளோ ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நடக்கும். இதை ஆசிரியர் பத்து முறை சொல்லியிருப்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். ஆனால் 5 என்று உங்கள் கையால் எழுதிவிட்டு 7 என்று திரையில் காணும்போது ஏற்படுகிற திடுக்கிடல்தான் அதை உள்ளே இறக்குகிறது.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் கல்லூரியில் ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு நிரல்கள். பருவத் தேர்வில் சீட்டு எடுத்து, எந்த நிரல் வருகிறதோ அதை எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு நிரலுக்கும் நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்று ஐந்து தலைப்புகள். படிமுறையை முதலில் யோசித்து, அதிலிருந்து நிரலை எழுத வேண்டும் என்பது அந்த வரிசையின் பொருள். நாங்கள் செய்ததோ, முந்தைய ஆண்டு அக்காமாரின் நோட்டிலிருந்து நிரலைப் பார்த்து எழுதி, அதற்கேற்ப ஒரு படிமுறையைப் பின்னால் இட்டு நிரப்பி, எல்லாவற்றுக்கும் கீழே "நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது" என்ற ஒரே வாக்கியத்தைப் பன்னிரண்டு முறை எழுதியதுதான். எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம்? ஒப்பிடுவதற்கு எங்களிடம் எதிர்பார்ப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. பன்னிரண்டு நிரல்களையும் அரைப்புள்ளி பிசகாமல் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பதின்மூன்றாவதாக ஒன்றை எழுதச் சொல்லியிருந்தால் வெறுந்தாளைத்தான் கொடுத்திருப்பேன்.

அந்த ஆண்டில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நாள் கூலியையும் வேலை செய்த நாட்களையும் வாங்கிக்கொண்டு மொத்தக் கூலியைக் காட்டும் ஒரு சிறு நிரல். கூலி 200, நாட்கள் 200 என்று கொடுத்தேன். எங்கள் ஊரில் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை நான். 40000 வர வேண்டும் என்பது எனக்கு மனக்கணக்காகவே தெரியும். திரையில் -25536 என்று வந்தது. ஆய்வகத்தில் இருந்தவரிடம் காட்டினேன். "எண்ணைக் குறைத்துப் போடு, சரியாக வரும்" என்றார். 20, 20 என்று கொடுத்தேன், 400 வந்தது. அதை நோட்டில் எழுதி, வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பருவம் முழுவதிலும் எனக்கென்று ஓர் எதிர்பார்ப்பு இருந்து, கணினி அதற்கு மாறாகச் சொன்ன ஒரே தருணம் அதுதான். அதையும் கைநழுவ விட்டேன்.

காரணம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் பயன்படுத்தியது போர்லாண்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் எம்எஸ்-டாஸ் கணினிகளுக்காக வெளியிட்ட டர்போ சி++ என்ற நிரல்பெயர்ப்பி, அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள். அதில் முழு எண்ணுக்கான மாறிக்கு இரண்டு பைட்டுகள், அதாவது 16 பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்)தான் இடம். அந்த இடத்தில் -32768 முதல் 32767 வரையிலான எண்களை மட்டுமே வைக்க முடியும். 40000 அதற்குள் அடங்காது; பழைய வண்டியின் கிலோமீட்டர் காட்டி 99999-ஐக் கடந்ததும் 00000-க்குத் திரும்புவதைப் போல, எண் மறுமுனைக்குச் சுற்றிப் போய்விடுகிறது. அந்த எல்லைக்குள் உள்ள எண்கள் மொத்தம் 65536; 40000-இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள், -25536 வரும். கணினி கிறுக்குத்தனமாக எதுவும் செய்யவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் கடைசி இலக்கம் வரை விளங்கக்கூடிய ஒரு விடையைத்தான் கொடுத்தது.

இதே 16 பிட் எல்லைதான் 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஏரியான் 5 ஏவூர்தியை அழித்தது. முந்தைய ஏரியான் 4-க்காக எழுதப்பட்ட நிரலின் ஒரு பகுதியைப் புதிய ஏவூர்தியிலும் வைத்திருந்தார்கள். புதியது கிடைமட்டத்தில் பழையதைவிட வேகமாகப் போகக்கூடியது. அந்த வேகம் சார்ந்த 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றபோது எண் அடங்கவில்லை. திசையறியும் அமைப்பு நின்றுபோய், கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் ஏவூர்தி வானிலேயே சிதறியது. சிறிய எண்களுக்குச் சரியாக ஓடிய நிரல், பெரிய எண் வந்தபோது என்ன செய்யும் என்ற கேள்வியை அங்கேயும் ஒருவரும் கடைசிவரை கேட்டுப் பார்க்கவில்லை. எண்ணைக் குறைத்துப் போடச் சொன்னவரை நான் இன்று குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு அப்படி யாராவது சொன்னால், குறைத்துப் போட்டு வந்த விடையை நோட்டில் எழுதுங்கள். குறைக்காமல் போட்டபோது வந்த விடையைத் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டு, விளங்கும்வரை அதை விடாதீர்கள்.

உங்கள் கல்லூரியில் இன்னும் டர்போ சி++-இன் அந்த நீலத் திரை இருந்தால், தேர்வுக்கு அதில் எழுதுங்கள், வீட்டில் ஜிசிசி போன்ற இன்றைய நிரல்பெயர்ப்பியில் பழகுங்கள். இன்றைய கணினிகளில் அதே முழு எண் மாறிக்குப் பெரும்பாலும் நான்கு பைட்டுகள், 2147483647 வரை போகும். பைத்தானில் முழு எண்ணுக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. எந்த மொழியில் தொடங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் நீண்ட விடை சொல்வதில்லை. கல்லூரி எதைப் பாடமாக வைத்திருக்கிறதோ அதில் தொடங்குங்கள், ஓராண்டு அதிலேயே நில்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு மொழி என்று தாவுகிறவர்கள் எல்லா மொழிகளிலும் முதல் அத்தியாயத்தை மட்டுமே படித்து முடிக்கிறார்கள்.

அடுத்து, தமிழ்வழியில் படித்து வந்தவர்களிடம் தனியாகச் சில வார்த்தைகள். ஆங்கிலம் வராததால் நிரலும் வராது என்ற எண்ணம் உங்களில் பலருக்கு ஆழமாக இருக்கிறது, எனக்கும் இருந்தது. 1989-இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியில் சிறப்புச் சொற்கள் மொத்தம் 32. பைத்தானில் 35. ஒரு மொழியின் இலக்கணச் சொற்கள் முழுவதும் அவ்வளவுதான். ஒரு பக்கத் தாளில் தமிழ்ப் பொருளோடு எழுதி மேசையில் ஒட்டிவைக்கலாம். நிரலை வாய்விட்டுத் தமிழில் படியுங்கள். "மீதி பூச்சியமாக இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று தமிழில் சொல்ல முடிகிற ஒரு வரியை நீங்கள் விளங்கிக்கொண்டுவிட்டீர்கள் என்று பொருள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சி போன்ற மொழிகளுக்கான பாடங்கள் தமிழ் ஒலியோடும் இலவசமாகக் கிடைக்கின்றன, கேட்டுப் பாருங்கள். மேலே போகப் போக ஆங்கில விளக்க ஏடுகளைப் படிக்காமல் தீராது என்பதும் உண்மைதான். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ஆங்கிலம் குறுகிய வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப வருகிற ஆங்கிலம். நாளுக்கு அரைப் பக்கம் அகராதியோடு படித்தால் ஓராண்டில் பழகிவிடும்.

அந்த ஆங்கிலம் உங்களை முதலில் அச்சுறுத்தப்போவது பிழைச் செய்தியின் வடிவில். திரையில் சிவப்பாகப் பத்து வரிகள் விழுந்ததும், படிக்காமலேயே அழித்துவிட்டு, நிரலில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தொடங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிழைச் செய்தி உங்களைத் திட்டுவதில்லை. எந்த வரியில் தனக்கு விளங்காமல் போயிற்று என்று கணினி முறையிடுகிறது. அதைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன வகைப் பிழை, ஏன் என்பது அங்கேதான் இருக்கும், எந்த வரி என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். சி மொழியில் இதற்கு நேர்மாறு: முதல் பிழையை மட்டும் படித்து, அதைத் திருத்தி, மீண்டும் பெயர்க்கச் சொல்லுங்கள். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலே அதன் விளைவாகக் கீழே பல பிழைகள் வரிசை கட்டும், முதலாவதைச் சரிசெய்ததும் மற்றவை தாமாகவே மறைந்துவிடும். ஆறாம் வரியின் கடைசியில் விட்ட அரைப்புள்ளிக்கு ஏழாம் வரியைச் சுட்டிக்காட்டுவதும் வழக்கம். சுட்டிய வரியில் குறை தெரியாவிட்டால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள்.

இங்கேயும் எழுதிவைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். சரியாக ஓடுகிற ஒரு நிரலை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு முக்காற்புள்ளியையோ அடைப்புக்குறியையோ நீக்கிவிட்டு, என்ன பிழைச் செய்தி வரும் என்று எழுதிப் பாருங்கள். நீங்களே வரவழைத்த பிழைகளை ஒரு மாலை முழுவதும் படித்துவிட்டால், பிறகு அவை தாமாக வரும்போது பழகிய முகமாகத்தான் தெரியும்.

பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிற நிரலைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஒரு செய்தியும் இல்லாமல் தவறான விடையைத் தருகிற நிரல்தான் கவலைக்குரியது. பைத்தானில் பயனரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிக் காட்டச் சொல்லுங்கள்; 5-ஐயும் 7-ஐயும் கொடுத்தால், எண்ணாக மாற்றாதவரை, 57 என்று வரும். விசைப்பலகையிலிருந்து வருவது எல்லாம் பைத்தானுக்கு எண் அல்ல, வரிசையாகக் கோத்த எழுத்துச் சரம். சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். 12 என்று முன்பே எழுதிவைத்தவர் இதை அந்த நொடியிலேயே பிடித்துவிடுவார். எழுதிவைக்காதவர், ஓடிவிட்டது என்று மகிழ்ந்து அடுத்த நிரலுக்குப் போய்விடுவார்.

நம் மொழியிலிருந்தே ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். எங்கள் நூலக மேசையில் இதற்கு இணையான வரவேற்பு வேறெதற்கும் இல்லை. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல் எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. நம் செய்யுள் மரபில் அதற்கு மாலைமாற்று என்று பெயர். சரத்தைத் திருப்பிப் போட்டு, மூலத்தோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது "விகடகவி" என்ற சொல்லைக் கொடுங்கள். என்ன வரும் என்று முதலில் எழுதுங்கள். எல்லோரும் "ஆம், மாலைமாற்றுதான்" என்று எழுதுவார்கள். நிரல் இல்லை என்று சொல்லும்.

மேசையில் ஒரு கூச்சல் எழும். நிரல் தவறா, கணினி தவறா, விகடகவி தவறா? அதைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய கேள்விக்குப் போகிறோம். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன? மூன்றெழுத்து என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பைத்தான் 5 என்று சொல்லும். உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் கொடுக்கப்படவில்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் இடம், உயிர்க்குறிக்கு ஓர் இடம், புள்ளிக்கு ஓர் இடம். ஆகவே கணினிக்கு "மி" என்பது ம-வும் இகரக் குறியும். "ழ்" என்பது ழ-வும் புள்ளியும். ஒன்றும் இரண்டும் இரண்டும் ஐந்து. இந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்கும், இகரக் குறி ழ-வோடு போய் ஒட்டிக்கொள்ளும், ம வெறுமையாகும். விகடகவியிலும் இதுவேதான் நடந்தது: கடைசி இகரக் குறி எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றது, ஒப்பீடு தோற்றது.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, இந்த விளக்கத்தை நான் சொல்லி முடிக்குமுன், "அப்படியானால் அகரவரிசைப்படுத்துவதும் தவறாகத்தான் வருமா, அக்கா?" என்று கேட்டாள். வரும். ஒருங்குறியில் ன என்ற எழுத்து ந-வுக்கும் ப-வுக்கும் இடையில் இருக்கிறது. நம் வரிசையிலோ மெய்களில் அது கடைசி. ர-வை அடுத்து ற வந்துவிடுகிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அப்படியே வரிசைப்படுத்தச் சொன்னால், பள்ளியில் படித்த வரிசையில் அது வராது. அந்தப் பெண் பள்ளியில் கணினி அறிவியல் படித்தவள் அல்லள். வணிகவியல் படித்து வந்தவள். ஒரு விடை தவறாகிப்போனதற்கான காரணம் முழுமையாக விளங்கிவிட்டதால், அதே காரணம் வேறு எங்கே வேலை செய்யும் என்பது அவளுக்குத் தானாகத் தெரிந்தது. நான் நிரலறிவு என்று கருதுவது அதைத்தான்.

வீட்டிலிருந்தே எடுக்கக்கூடிய இன்னொரு பயிற்சி மின்கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் வந்த கட்டணப் பட்டியலில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்குமேல் படிப்படியாக விலை ஏறுகிறது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கணக்கும் மாறுகிறது. இப்போது நடைமுறையில் உள்ள கட்டணப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, யூனிட்டைக் கொடுத்தால் தொகையைச் சொல்லும் நிரலை எழுதுங்கள். இயக்குமுன், 0, 100, 101, 500, 501 ஆகிய ஐந்து எண்களுக்கும் தொகையைக் கையால் கணக்கிட்டு எழுதிவையுங்கள். நடுவில் உள்ள எண்களுக்குப் பெரும்பாலும் தவறு வராது, படி மாறும் விளிம்பில்தான் வரும். முதன்முறை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, மொத்த யூனிட்டையும் கடைசிப் படியின் விலையால் பெருக்கிவிடுவது. அப்படிச் செய்தால் 100-க்குப் பூச்சியமும் 101-க்கு நூறு மடங்கு கூடுதலான தொகையும் வரும். கையால் போட்ட கணக்கு பக்கத்தில் இருந்தால் உடனே தெரிந்துவிடும். கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்த கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். அது பொருந்தும் நாளில் உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். நிரல் என்றால் என்ன என்று வீட்டாருக்கு விளக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சொந்தமாக மடிக்கணினி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு தாளில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி போட்டு, வரி வரியாக நிரலைப் படித்து, மதிப்பு மாறும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டே வருவது, கணினி இருப்பவர்களும் செய்ய வேண்டிய வேலை. மடக்கு (சில வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் கட்டளை) எத்தனை முறை சுற்றும், கடைசிச் சுற்றில் மாறியில் என்ன இருக்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் தெளியும். கணினி கிடைக்கும்போது, எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோன்னி என்ற இலவச மென்பொருளில் பைத்தான் நிரலை ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்க்கலாம். மாறிகளின் மதிப்பு மாறுவதை அது பக்கத்திலேயே காட்டும், உங்கள் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இருவர் என்றால் அதையும் நன்மையாக்கிக்கொள்ள வழி உண்டு. தட்டச்சு செய்யாதவர் விடையை எழுதிவைக்கட்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்தைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். வேகமாகத் தட்டத் தெரிந்தவர் விசைப்பலகையை விடுவதில்லை, மற்றவர் ஆண்டு முழுவதும் பார்வையாளராகவே இருந்துவிடுகிறார். மாணவியருக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: உங்கள் முறை வரும்போது நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நீங்கள் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளியானதிலிருந்து, ஆய்வகப் பயிற்சி எதையும் ஒரு வரியில் கேட்டு முழு நிரலாக வாங்கிக்கொள்ள முடிகிறது. பிறகு நாங்கள் ஏன் கற்க வேண்டும் என்று என்னிடம் நேரடியாகவே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நானும் வேலையில் இவற்றைப் பயன்படுத்துகிறேன். தொடவே கூடாது என்று உங்களிடம் சொன்னால் அது நேர்மையாக இராது. நான் பயன்படுத்தும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அது எழுதித் தரும் நிரல் பெரும்பாலும் ஓடுகிறது, பார்ப்பதற்கும் ஒழுங்காக இருக்கிறது. தவறு இருந்தால், பிழைச் செய்தி எதுவும் இல்லாத, விளிம்பில் மட்டும் வெளிப்படுகிற தவறாக இருக்கிறது. நான் முன்பு கவலைக்குரியது என்று சொன்ன அதே வகை. மாலைமாற்று நிரலைக் கேட்டால், சரத்தைத் திருப்பி ஒப்பிடும் அந்த வழக்கமான வரியை அது தரக்கூடும். விகடகவிக்கு என்ன வர வேண்டும் என்று தெரிந்தவர்தான் அதை ஏற்க மறுக்க முடியும். விடை தருவது எளிதாகிவிட்ட காலத்தில், விடை சரியா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை இருக்கும். அதைச் சொல்லும் திறன் எழுதிவைத்து ஒப்பிடும் பழக்கத்திலிருந்துதான் வளர்கிறது.

எனவே முதல் ஆண்டு முழுவதும் இப்படிச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நிரலை எழுதித் தரச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதை விளக்கச் சொல்லுங்கள். "நான் 5 வரும் என்று எழுதினேன், 7 வந்தது, என் எண்ணத்தில் எங்கே தவறு?" என்று தமிழிலேயே கேட்கலாம். அது சொல்லும் விளக்கத்தையும் உடனே நம்பிவிடாமல், அந்த விளக்கம் உண்மையானால் எந்த வரியை மாற்றினால் என்ன வரும் என்று எழுதி, இயக்கி, சோதித்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் ஒரு நாள் முழு நிரலையும் வாங்கிவிட்டீர்கள் என்றால், மறுநாள் அதை மூடிவைத்துவிட்டு வெறுந்தாளிலிருந்து நீங்களே எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால், அது உங்களுடையதாக இன்னும் ஆகவில்லை.

ஒரு சிறு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டு நோட்டைப் போல யாருடைய கையெழுத்தும் தேவைப்படாத நோட்டு. இடப்பக்கம் எதிர்பார்த்தது, வலப்பக்கம் வந்தது, கீழே காரணம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். காரணம் தெரியாதவற்றுக்குக் கீழே இடம் விட்டுவிடுங்கள். எனக்கு -25536-க்கான இடம் பல ஆண்டுகள் வெறுமையாக இருந்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகாது, கேட்பதற்கு இன்று ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் பருவம் முடியும்போது ஒரு நிரலை முயன்று பாருங்கள். தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் அது மாலைமாற்றா என்று சரியாகச் சொல்ல வேண்டும். சரத்தை அப்படியே திருப்பக் கூடாது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். முதலில் ஒவ்வொரு குறியையும் புள்ளியையும் அதற்கு முந்தைய எழுத்தோடு சேர்த்து, எழுத்துகளின் பட்டியல் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு பட்டியலைத் திருப்பி ஒப்பிடுங்கள். விகடகவிக்கு ஆம் என்று வரும். அதன்பின் "பக்ஷி" என்ற சொல்லுக்கு உங்கள் பட்டியலில் எத்தனை எழுத்துகள் இருக்கும் என்று, இயக்குவதற்கு முன்பு, தாளில் எழுதுங்கள்.

அன்புடன்,
தென்மாவட்டத்து நூலக மேசையிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி